ஒரே எழுத்தாத்தான் தெரியுது, ஆனா ஈக்குவல்ஸ் ஃபோல்ஸ் தருது: ஸ்ட்ரிங் ஒப்பீட்டை எப்பிடி எழுதுறது?

#1 காலிவீதி

வணக்கம். ஜாவா 17, ஸ்பிரிங் பூட். கொழும்புக்குள்ள டிலிவரி செய்யிற ஒரு சிஸ்டம். ஓடரில வாற பகுதிப் பெயரைப் பார்த்துக் கட்டணம் போடுற இடம் இப்பிடி இருக்கு:

இஃப் (பகுதி.ட்ரிம்().டுலோவர்கேஸ்().ஈக்குவல்ஸ்("வெள்ளவத்தை")) கட்டணம் = 250;
எல்ஸ் இஃப் (பகுதி.ட்ரிம்().டுலோவர்கேஸ்().ஈக்குவல்ஸ்("கொள்ளுப்பிட்டி")) கட்டணம் = 300;
எல்ஸ் இஃப் (பகுதி.ட்ரிம்().டுலோவர்கேஸ்().ஈக்குவல்ஸ்("புறக்கோட்டை")) கட்டணம் = 350;

ட்ரிம் ஓர இடைவெளியை வெட்ட, டுலோவர்கேஸ் சிறிய எழுத்தாக்க, ஈக்குவல்ஸ் சமமா எண்டு பார்க்க. இப்பிடியே முப்பதுக்கு மேல போகுது, கடைசியில ஒரு எல்ஸ், அதில பொதுக் கட்டணம்.

ரெண்டு கேள்வி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, மருதானை எப்பவும் சரியா வருது. கொள்ளுப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, புறக்கோட்டை சில ஓடருக்குப் பொருந்துது, சிலதுக்குப் பொருந்தாமல் கடைசி எல்ஸுக்குப் போயிடுது. லொக்கில பார்த்தா ரெண்டும் ஒண்டுதான். ஏன்?

மற்றது, கோட் ரிவியூவில "மெதுவு, அசிங்கம்" எண்டு திருப்பி அனுப்பியிருக்கினம். துப்பரவா எழுதுறதெண்டா எப்பிடி?

#2 சுட்டி

வழக்கமான சந்தேக நபரை முதல்ல விசாரிப்பம். ஜாவாவில == ரெண்டு பக்கமும் ஒரே பொருளைச் சுட்டுதா எண்டு மட்டும்தான் பார்க்கும், உள்ளே இருக்கிற எழுத்தைப் பார்க்காது. இது சோதனையில பாஸாகி லைவ்ல விழும். கோட்டில மேற்கோளுக்குள்ள எழுதுற ஒரே மாதிரியான லிட்டரல்கள் ஸ்ட்ரிங் பூலில ஒரே பொருளாகிடும், == ட்ரூ. தரவுத்தளம், ஜேசன், கோப்பு வழியா வாறது ஒவ்வொண்டும் புதுப் பொருள், == ஃபோல்ஸ். "கொ" + "ழும்பு" எண்டு ரெண்டு லிட்டரலைக் கூட்டினாலும் கம்பைலரே ஒட்டிப் பூலில போட்டிடும். அதில ஒரு துண்டு ஃபைனல் இல்லாத மாறியா இருந்தா ஓடுற நேரத்திலதான் ஒட்டும், அப்ப புதுப் பொருள்.

ஜி1 குப்பை சேகரிப்பானில ஸ்ட்ரிங் டிடுப்ளிகேஷன் போட்டிருக்கிறம், இனி == போதும் எண்டு சொல்லுறவையும் இருக்கினம். அது உள்ளே இருக்கிற அரேயை மட்டும்தான் பகிரும். ஸ்ட்ரிங் பொருள் ரெண்டும் ரெண்டாத்தான் இருக்கும்.

நல் (மதிப்பே இல்லாத நிலை) வரக்கூடிய இடத்தில ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்குவல்ஸ்(அ, ஆ), ஜாவா 7 இலிருந்து இருக்கு. ஒரு பக்கம் ஸ்ட்ரிங்பில்டர் எண்டா கன்டென்ட்ஈக்குவல்ஸ். சாதாரண ஈக்குவல்ஸுக்கு ஸ்ட்ரிங்பில்டரைக் குடுத்தா எழுத்து என்னவா இருந்தாலும் ஃபோல்ஸ்தான்.

ஆனா காலிவீதி காட்டின கோட்டில == இல்லை. ஆக வருத்தம் வேற.

#3 தரவுக்காரி

பொருந்தாத பெயர்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்: கொள்ளுப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, புறக்கோட்டை. எல்லாவற்றிலும் கொ அல்லது கோ. எப்போதும் பொருந்துகிற வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, மருதானையில் அந்த இரண்டும் இல்லை. உங்கள் பட்டியலில் மொரட்டுவை இருந்தால் அதுவும் விழும்.

யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ொ என்ற தனிக்குறி, தசமத்தில் 3018. மற்றது, ெ என்ற 3014, அதன்பின் ா என்ற 3006. திரையில் இரண்டும் துளியும் வேறுபாடில்லாமல் வரும். ஓகாரமும் அப்படித்தான்: 3019, அல்லது 3015 உடன் 3006. ஔகாரம்: 3020, அல்லது 3014 உடன் 3031.

ஆகவே "கொழும்பு" என்ற சொல்லுக்கே ஜாவாவில் லெங்த் 8 ஆகவும் வரலாம், 9 ஆகவும் வரலாம். யூடிஎஃப்-8 இல் 24 பைட் அல்லது 27 பைட். ஈக்குவல்ஸ் நீளம் வேறென்று கண்டதும் ஃபோல்ஸ் சொல்லிவிடும். அதன்மேல் பிழை இல்லை.

லொக்கில் எழுத்தை அச்சிட்டுப் பயனில்லை, எண்ணை அச்சிடுங்கள். ஜாவாவில் பகுதி.கோட்பாயின்ட்ஸ்() தருகிற எண்களை ஒவ்வொன்றாக எழுதவையுங்கள். பைதானில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓஆர்டி().

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? இங்கே பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளில் இருந்து. பாமினியில் கொ என்பது கொம்பு, க, அரவு என்று மூன்று தட்டல். சில மாற்றிகள் கொம்பைக் க-வுக்குப் பின்னால் நகர்த்துவதோடு நிறுத்திவிடும், இரண்டு குறியையும் ஒன்றாக்காது. பிடிஎஃப்பில் இருந்து நகலெடுத்தாலும் வரலாம். மாக் கணினியில் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும்.

தீர்வு, யூனிகோட் நோர்மலைசேஷன், என்எஃப்சி வடிவம். அது 3014, 3006 சோடியை 3018 ஆக்கிவிடும். ஜாவாவில் நோர்மலைசர்.நோர்மலைஸ், ஜாவாஸ்கிரிப்டில் 2015 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிங்குக்கே நோர்மலைஸ்() உண்டு, பைதானில் யூனிகோட்டேட்டா மொடியூல்.

#4 காலிவீதி

அக்கா, எண்ணை அச்சிட்டுப் பார்த்தன். விழுந்த ஓடரில 3014, 3006 எண்டுதான் இருக்கு. இன்னொரு சாதி ஓடரில எழுத்தெல்லாம் சரி, கடைசியில 8203 எண்டு ஒண்டு ஒட்டிக்கொண்டு இருக்கு. ட்ரிம் போட்டும் போகேல்லை. அப்ப ஒவ்வொரு ஈக்குவல்ஸுக்கு முன்னாலயும் ட்ரிம், லோவர்கேஸ், நோர்மலைஸ் மூண்டையும் போடவேணுமோ?

#5 அரைப்புள்ளி

வேண்டாம். உங்கள் கோட்டின் உண்மையான நோயே அதுதான். ஒப்பிடும் இடத்தில் சுத்தம் செய்தால், ஒப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் சுத்தம் செய்ய நினைவு வேண்டும். ஒருவர் ட்ரிம்மை மறப்பார், இன்னொருவர் வரிசையை மாற்றுவார். தரவு உள்ளே நுழையும் வாசலில் ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகு உள்ளே எங்கும் வெறும் ஈக்குவல்ஸ் மட்டும்.

ஜாவா 17 என்பதால் ரெக்கோர்ட் (தரவை மட்டும் தாங்கும் சிறு கிளாஸ்) இருக்கிறது, ஈக்குவல்ஸும் ஹாஷ்கோடும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு எண்) தானாக வரும்:

ரெக்கோர்ட் பகுதிச்சாவி(ஸ்ட்ரிங் மதிப்பு) {
  பகுதிச்சாவி {
    ஆப்ஜெக்ட்ஸ்.ரிகொயர்நொன்நல்(மதிப்பு);
    மதிப்பு = நோர்மலைசர்.நோர்மலைஸ்(மதிப்பு, என்எஃப்சி);
    மதிப்பு = மறைகுறிநீக்கு(மதிப்பு);
    மதிப்பு = இடைவெளிஒடுக்கு(மதிப்பு);
  }
}

கட்டணம் கணக்கிடும் மெதட் ஸ்ட்ரிங்கை வாங்கக் கூடாது, பகுதிச்சாவியை மட்டும் வாங்கவேண்டும். அப்போது சுத்தம் செய்யாத எழுத்தை யாராவது கொண்டுவந்தால் கம்பைலரே வாசலில் நிறுத்திவிடும்.

இனி ட்ரிம் விவகாரம். ஜாவாவின் ட்ரிம் 32-ம் அதற்குக் கீழ்ப்பட்ட எண்களும் கொண்ட குறிகளைத்தான் ஓரத்தில் வெட்டும். ஜாவா 11 இல் வந்த ஸ்ட்ரிப் யூனிகோட் இடைவெளிகளையும் வெட்டும், ஆனால் 160 ஆகிய உடையா இடைவெளியை வெட்டாது. வேர்ட், வலைப்பக்கம் இரண்டிலிருந்தும் ஒட்டினால் வருவது பெரும்பாலும் அந்த 160 தான். ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் 160-ஐயும், கோப்பின் தொடக்கத்தில் வரும் 65279 என்ற மறைகுறியையும் வெட்டும். பைதானின் ஸ்ட்ரிப் 160-ஐ வெட்டும். உங்கள் 8203-ஐ இவற்றில் எதுவுமே தொடாது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் அது இடைவெளியே இல்லை, அகலமில்லாத வடிவமைப்புக் குறி. முன்பக்கத்தில் ட்ரிம் செய்தாயிற்று என்று பின்பக்கம் நிம்மதியாக இருக்க முடியாது: இரண்டும் வேறு வேறு ட்ரிம்.

நடுவில் வரும் இரட்டை இடைவெளியையும் கவனியுங்கள். "கொழும்பு 6" என்பதில் ஒன்றா இரண்டா என்று கண்ணுக்குப் பிடிபடாது.

டுலோவர்கேஸைத் தூக்கிவிடுங்கள். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை.

#6 இருமொழி

மறைகுறிநீக்கு என்று எழுதும்போது 8203 முதல் 8205 வரை மொத்தமாக நீக்குகிற ரெஜெக்ஸ் ஒன்று வலையெங்கும் சுற்றுகிறது. அதை அப்படியே ஒட்டாதீர்கள். 8205 ஆகிய சேர்ப்புக் குறி சிங்களத்துக்குக் கட்டாயம் வேண்டும். சிங்களத்தில் ஸ்ரீ எழுதும்போது ரகாரம் கீழே வளைந்து சேர்வது அந்தக் குறியால்தான். நீக்கினால் மெய்க்குறி வெளியே தெரியும்படி எழுத்து உடையும். கொழும்பில் முகவரி வாங்குகிற எந்த சிஸ்டத்திலும் சிங்களம் வரும், அதுவும் வீதிப் பெயர்களில் ஸ்ரீ நிறையவே வரும். தமிழிலும் க், ஷ இரண்டும் க்ஷ ஆகச் சேரவேண்டாம் என்பதற்கு 8204 என்ற பிரிப்புக் குறி போடுவார்கள்.

ஆகவே இரண்டு களம் வையுங்கள். வாடிக்கையாளர் தந்தது காட்டுவதற்கு, என்எஃப்சி தவிர வேறெதுவும் செய்யாமல். சாவி ஒப்பிடுவதற்கு மட்டும். சாவியில் வேண்டுமானால் 8204, 8205 இரண்டையும் நீக்கலாம், ஏனென்றால் அதை யாருக்கும் காட்டப்போவதில்லை. ஒரே விலக்கு, 8203-ஐயும் 65279-ஐயும் இரண்டு களத்திலும் நீக்கலாம், முகவரியில் அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை.

#7 தரவுக்காரி

இருமொழி சொன்னதோடு இன்னொன்று. என்எஃப்சி போட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கவேண்டாம், ஆள்பெயர்களில் அது தீர்க்காத இரண்டு இடம் இருக்கிறது.

ஸ்ரீ. பழைய முறையில் ஸ (3000), புள்ளி, ர, ஈகாரக் குறி. ஶ (2998) யூனிகோடில் 4.1 பதிப்பில், 2005 இல்தான் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்பதும் ஸ்ரீ ஆயிற்று. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டும். நோர்மலைசேஷன் விதியில் இவை வேறு வேறு எழுத்துகள், என்எஃப்சி ஆகட்டும், அதைவிடத் தாராளமாக ஒன்றாக்கும் என்எஃப்கேசி ஆகட்டும், ஒன்றாக்காது. ஸ்ரீதரன் என்று தேடினால் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

கௌரி. கௌ என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல் கெ, ள என்று எழுதுபவர்கள் ஏராளம். இதைச் சரிப்படுத்த ெ, ள வரும் இடமெல்லாம் ௌ ஆக்கு என்று ஒரு ரிப்ளேஸ் போட்டால் வெள்ளவத்தை நாசம். அதில் வெ-யை அடுத்து ள் இருக்கிறதே. ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாதபோது மட்டும் மாற்றலாம். அப்போது வெள்ளவத்தையும் கெளிறு மீனும் தப்பும். அதுவும் ஊகம்தான். தேடல் சாவிக்குப் போதும், சேமித்த பெயரில் கைவைக்க அது போதாது.

#8 பாமினிக்காலம்

பாமினி பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. யூனிகோடுக்கு மாற்றாத பாமினித் தரவு இன்னும் எக்செல் கோப்புகளில் கிடக்கிறது. அது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்து. அதில் சிறிய ஜி என்றால் ப, பெரிய ஜி என்றால் பு. அந்தக் களத்தில் ஈக்குவல்ஸ்இக்னோர்கேஸ் போட்டாலோ, தரவுத்தளம் பெரிய சிறிய எழுத்தைப் பாராத கொலேஷனில் (தரவுத்தளம் எழுத்தை ஒப்பிடும் விதி) இருந்தாலோ, ப-வும் பு-வும் ஒன்றாகிவிடும். மாற்றிய பிறகுதான் ஒப்பீடு. மாற்றி தந்த எழுத்துக்கு உடனேயே என்எஃப்சி.

#9 முதல்பைட்

வேகத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. "மெதுவு" எண்டது சும்மா சாட்டு, "அசிங்கம்" எண்டதுதான் நியாயமான குற்றச்சாட்டு. முப்பது ஈக்குவல்ஸ் நானோசெக்கன் கணக்கு. அதே ஓடருக்குத் தரவுத்தளத்துக்குப் போய்வாற ஒரு நடை மில்லிசெக்கன் கணக்கு.

ஈக்குவல்ஸ் உள்ளே என்ன செய்யுது? ஒரே பொருளா எண்டு பார்க்கும், ஓமெண்டா ட்ரூ. மற்றது ஸ்ட்ரிங்தானா எண்டு பார்க்கும். ஜாவா 9 இலிருந்து ஸ்ட்ரிங் உள்ளே ரெண்டு விதமா இருக்கும்: லத்தீன் எழுத்து மட்டும் எண்டா எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் ஒண்டு வந்தாலும் முழுக்க எழுத்துக்கு ரெண்டு பைட். அந்த வகை வேற எண்டாலே ஃபோல்ஸ். பிறகு நீளம். அதுவும் ஒண்டெண்டாத்தான் பைட் பைட்டா ஒப்பிடும், அதையும் ஹொட்ஸ்பொட் (ஜாவாவை ஓட்டுற இயந்திரம்) ஒரே தரத்தில பல பைட் எடுக்கிற மெஷின் கட்டளையா மாத்திடும். ஆனபடியா "முதல்ல லெங்த் பார்த்திட்டு ஈக்குவல்ஸ் போடுவம்" எண்டு கையால எழுதுறது வீண் வேலை. ஹாஷை ஒப்பிட்டிட்டு ஈக்குவல்ஸ் போடுறதும் ஒருதரம் மட்டும் ஒப்பிடுற இடத்தில நட்டம்: ஹாஷ் எடுக்க ரெண்டு ஸ்ட்ரிங்கையும் கடைசிவரை வாசிக்கவேணும், ஈக்குவல்ஸ் முதல் வித்தியாசத்திலயே நிண்டிடும்.

எது செலவு எண்டா, ஒவ்வொரு வரியிலயும் திரும்பத் திரும்ப ட்ரிம், லோவர்கேஸ் போடுறது. முப்பதாவது பகுதிக்கு வரேக்க அதே எழுத்தை முப்பது தரம் சல்லடை போட்டாச்சு. சங்கிலியை மேப்பா (சாவியைக் குடுத்தா மதிப்பைத் தாற அட்டவணை) மாத்துங்கோ:

ஸ்டாட்டிக் ஃபைனல் மேப்<பகுதிச்சாவி, இன்டிஜர்> கட்டணங்கள் = மேப்.ஆஃப்என்ட்ரீஸ்( … );

மேப்.ஆஃப் பத்துச் சோடிவரைதான், அதுக்கு மேல ஆஃப்என்ட்ரீஸ். இதில ஒரு நன்மை: சுத்தம் செய்த பிறகு ரெண்டு சாவி ஒண்டாகினா கிளாஸ் ஏறேக்கயே எக்செப்ஷன் வரும், லைவ்ல போய்த் தெரியத் தேவையில்லை. ஒரு முள்: இந்த மேப்புக்கு கெட்(நல்) குடுத்தா நல் திரும்பாது, நல்பொயின்டர் எக்செப்ஷன். ஹாஷ்மேப் மாதிரி நினைக்காதேங்கோ.

சுவிட்சும் சரிதான். ஸ்ட்ரிங் சுவிட்சை ஜாவா கம்பைலர் ஹாஷ்கோடில பிரிச்சு, பிறகு ஈக்குவல்ஸால உறுதிப்படுத்தும். ஆனா கட்டணம் எண்டது தரவு. மாறுற ஒவ்வொரு தரமும் கோட் வெளியிடவேண்டி வரும்.

வேகம் உண்மையில அடிபடுற இடம் லூப்புக்குள்ள லூப். 10,000 ஓடரை 10,000 முகவரியோட ஒவ்வொண்டா ஒப்பிட்டா 10 கோடி ஒப்பீடு. முகவரியை ஹாஷ்செட்டில போட்டா 10,000 போடுதலும் 10,000 தேடுதலும். அதோட, ஒரே நீளம், ஒரே முன்பாதி உள்ள யூஆர்எல், கோப்புப் பாதை மாதிரிச் சாமான்களை ஒப்பிட்டா வித்தியாசம் வால்லதான் வரும், ஒவ்வொண்டையும் கடைசிவரை வாசிக்கவேணும். அங்க ஹாஷ் கைகுடுக்கும், ஜாவா ஸ்ட்ரிங் தன்ர ஹாஷ்கோடை ஒருதரம் கணக்கிட்டா வைச்சுக்கொள்ளும்.

நோர்மலைஸ் செலவு எண்டு ஒருத்தர் சொல்ல வருவார். நோர்மலைசர்.இஸ்நோர்மலைஸ்ட் எண்டு முதல்ல பார்க்கலாம். பெரும்பாலான ஓடர் ஏற்கனவே சரியாத்தான் இருக்கும்.

#10 பூச்சியம்

இத்தனையும் சரி, ஆனால் பெயரை வைத்து ஏன் ஒப்பிடவேண்டும்? கோட்டை கொழும்பு 1, கொள்ளுப்பிட்டி 3, வெள்ளவத்தை 6, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13. தபால் குறியீடு 00100 முதல் 01500 வரை. பட்டியலில் தெரிவுசெய்ய விட்டு, குறியீட்டை அனுப்பி, குறியீட்டை ஒப்பிடுங்கள். ஒப்பீட்டில் சிறந்தது மனிதர் தட்டெழுதாத ஒன்றை ஒப்பிடுவது.

ஆனால் அங்கேயும் குழி உண்டு. 00300 என்பதை எண்ணாக மாற்றினால் 300. இலக்கத்தால் எழுதியதெல்லாம் எண் அல்ல. பிஎச்பியில் == போட்டால் இரண்டு பக்கமும் எண் போலத் தெரிகிற ஸ்ட்ரிங்கை எண்ணாக்கித்தான் ஒப்பிடும், "00300" == "300" ட்ரூ. முன்னால் பூச்சியம் உள்ள தொலைபேசி இலக்கமும் பூச்சியம் இல்லாததும் சமம். 1, ஈ, 3 என்று சேர்த்து எழுதிய ஸ்ட்ரிங்கும் "1000"-ம் சமம், ஏனென்றால் நடுவில் உள்ள ஆங்கில ஈ பத்தின் அடுக்கு. பிஎச்பி 8 இல் சில விதிகளைத் திருத்தினார்கள், இது இன்னும் அப்படியே. === போடுங்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் ===, அங்கே == போட்டால் வெற்று ஸ்ட்ரிங்கும் 0-வும் சமம்.

"கொழும்பு 1" என்று தொடங்குகிறதா என ஸ்டார்ட்ஸ்வித் போட்டுப் பார்க்கிற கோட்டும் கண்ணில் படுவதுண்டு. 10 முதல் 15 வரை எல்லாம் அதில் விழும். கன்டெய்ன்ஸ்("கோட்டை") போட்டால் புறக்கோட்டையும் உள்ளே. சமமா என்ற கேள்விக்கு சமமா என்றுதான் கேட்கவேண்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இதன் அடுத்த படி. பழையது 9 இலக்கமும் கடைசியில் ஆங்கில வி அல்லது எக்ஸும். புதியது 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டையும் தரலாம், எழுத்தளவில் ஒருபோதும் சமமாகாது. பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, பழையதின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தை நீக்கவேண்டும். இதையும் ரெக்கோர்டின் கட்டுநருக்குள் (கன்ஸ்ட்ரக்டர்) செய்யுங்கள், சிறிய வி பெரிய வி சிக்கலும் அங்கேயே ஒழிந்துவிடும்.

#11 சுட்டி

பூச்சியம் அண்ணை சொன்னது சரி, ஆனா மூண்டாம் தரப்பு எக்செலில பெயர்தான் வரும், குறியீடு வராது. பகுதிச்சாவி தேவைதான், குறியீட்டுக்கு மாத்துற அந்த ஒரு இடத்தில.

மற்ற மொழிக்காரர் கேட்கமுதல் சுருக்கமா: பைதானில இஸ் போடாதேங்கோ, == போடுங்கோ. 3.8 இலிருந்து லிட்டரலோட இஸ் போட்டா எச்சரிக்கை வரும். சி ஷார்ப்பில == எழுத்தைப் பார்க்கும், ஒரு பக்கம் ஆப்ஜெக்ட் வகையா இருந்தா பொருளைத்தான் பார்க்கும். பெரிய சிறிய எழுத்து பாராமல் எண்டா ஓர்டினல்இக்னோர்கேஸ். சமமா எண்டு பார்க்க ஸ்ட்ரிங்.கம்பேர் எடுக்காதேங்கோ, அது சும்மா விட்டா சேர்வரின்ர மொழி அமைப்பைப் பார்த்து ஒப்பிடும். கோ மொழியில ஈக்குவல்ஃபோல்ட், ரெண்டு பக்கமும் டுலோவர் போட்டு ரெண்டு புது ஸ்ட்ரிங் உருவாக்கத் தேவையில்லை. சி மொழியில எஸ்டிஆர்சிஎம்பி சமமெண்டா 0 தரும், அதை அப்பிடியே இஃபுக்குள்ள போட்டா தலைகீழ். எஸ்டிஆர்என்சிஎம்பிக்கு 5 எழுத்து எண்டு நீளம் குடுத்தா முதல் 5 எழுத்து ஒத்தாலே சமம் எண்டிடும், பின்னால என்ன இருந்தாலும்.

ஆங்கில மின்னஞ்சல் களத்துக்கு டுலோவர்கேஸ் தேவையெண்டா லோகேல்.ரூட் (எந்த நாட்டு மொழி அமைப்பும் இல்லாதது) குடுங்கோ. துருக்கி லோகேலில பெரிய ஐ புள்ளியில்லாத சிறிய ஐ ஆகிடும்.

#12 தரவுக்காரி

தரவுத்தளப் பக்கம். நிரலில் உள்ள சமமும் தரவுத்தளத்தில் உள்ள சமமும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நிரல் புதியது என்று சொல்ல, யுனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பை இரண்டு தடவை விடாத விதி) ஏற்கனவே இருக்கிறது என்று சொல்லும். மைஎஸ்கியூஎல் 8 இன் இயல்புக் கொலேஷன் பெரிய சிறிய எழுத்தையும் மேற்குறிகளையும் பாராது, வால் இடைவெளியைப் பார்க்கும். பழைய கொலேஷன்கள் வால் இடைவெளியைப் பாரா. போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பைட்டுக்குப் பைட். அங்கே இரண்டு கொழும்பும் இரண்டு வரியாகவே உட்காரும்.

வாசலில் சுத்தம் செய்யத் தொடங்குவதற்கு முன் பழைய வரிகளைச் சரிசெய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 இலிருந்து நோர்மலைஸ் உள்ளேயே இருக்கிறது. முதலில் நோர்மலைஸ் செய்த பெயரில் குரூப் பை போட்டு ஒன்றுக்கு மேல் வருபவற்றை எடுங்கள். அந்த இரட்டைகளை வெளிச்சாவிகளோடு சேர்த்து ஒன்றாக்குங்கள். பிறகு அப்டேட், அதன்பின் யுனிக். வரிசையை மாற்றினால் அப்டேட் நடுவழியில் நிற்கும்.

தேடும் கேள்வியில் களத்தின்மேல் லோவர்() போடாதீர்கள், சாதாரண இன்டெக்ஸ் பயன்படாமல் போகும். சாவிக்குத் தனிக் களம் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

#13 முதல்பைட்

விட்டுப்போன ஒண்டு. காசு கட்டின பிறகு கேட்வேயில இருந்து வாற சிக்னேச்சர், கடவுச்சொல் மீட்பு டோக்கன், ஏபிஐ கீ, இதுகளுக்கு ஈக்குவல்ஸ் வேண்டாம். மேல சொன்ன அந்த "முதல் வித்தியாசத்திலயே நிக்கும்" எண்ட நல்ல குணம் இங்க கெட்ட குணம். எவ்வளவு தூரம் பொருந்தினது எண்டு நேரத்தை அளந்து ஊகிக்கலாம். ஜாவாவில மெசேஜ்டைஜெஸ்ட்.இஸ்ஈக்குவல், பைதானில எச்மாக்.கம்பேர்_டைஜெஸ்ட், பிஎச்பியில ஹாஷ்_ஈக்குவல்ஸ், நோடில டைமிங்சேஃப்ஈக்குவல். நோடில நீளம் வேற எண்டா எரர் எறியும், முதல்ல நீளத்தைப் பாருங்கோ. சிக்னேச்சரில நோர்மலைஸும் ட்ரிம்மும் கூடாது, வந்த பைட்டை வந்தபடியே.

#14 காலிவீதி

ரெக்கோர்டும் மேப்பும் போட்டாச்சு, சங்கிலி போயிட்டுது. ரெண்டு விசயம் மிச்சம். பொருந்தாட்டிப் பொதுக் கட்டணம் எண்ட அந்த எல்ஸை மேப்பில கெட்ஓர்டிஃபோல்ட்டா வைச்சிருக்கிறன், சரியோ? மற்றது, டெஸ்டில "கொழும்பு" ரெண்டு வடிவத்தையும் எழுதினன், என்எஃப்சியை எடுத்துவிட்டும் டெஸ்ட் பாஸாகுது.

#15 அரைப்புள்ளி

கெட்ஓர்டிஃபோல்ட்டை எடுங்கள். பிழை இவ்வளவு காலம் மறைந்திருந்தது அந்த எல்ஸுக்குள்தான். கெட் போட்டு, நல் வந்தால் ஓடரைப் "பகுதி தெரியவில்லை" என்று நிறுத்தி, வந்த ஸ்ட்ரிங்கின் குறியெண்களை லொக்கில் எழுதுங்கள். புதிதாக எந்த மறைகுறி வந்தாலும் அன்றைக்கே தெரியும்.

டெஸ்ட் பாஸாவதற்குக் காரணம், உங்கள் விசைப்பலகை இரண்டு தடவையும் 3018 தான் எழுதியிருக்கும். கண்ணால் பார்த்து ஒட்டினாலும் நடுவில் எடிட்டர் ஒன்றாக்கியிருக்கலாம். டெஸ்டில் எழுத்தை எழுதாதீர்கள், எண்ணால் கட்டுங்கள்: புதிய ஸ்ட்ரிங், 2965, 3014, 3006, 2996, 3009, 2990, 3021, 2986, 3009. இதற்கு லெங்த் 9 என்று முதலில் உறுதிசெய்யுங்கள், பிறகு பகுதிச்சாவி சமமா என்று. அதேபோல் வாலில் 160, வாலில் 8203, நடுவில் இரட்டை இடைவெளி, வெற்று ஸ்ட்ரிங், நல். கோட்டையும் புறக்கோட்டையும் சமமில்லை என்று ஒன்று.

விண்டோஸ் கணினியில் யாராவது பில்ட் செய்கிறார்களா? ஜாவா 18 இலிருந்துதான் யூடிஎஃப்-8 இயல்பு. 17 இல் கம்பைலருக்கு என்கோடிங்கைச் சொல்லாவிட்டால் அந்தக் கணினியின் பழைய குறிமுறையில் மூலக்கோப்பை வாசிக்கும். மேப்பில் உள்ள தமிழ்ச் சாவியெல்லாம் குப்பையாகும், ஒன்றும் பொருந்தாது. மேவன் என்ற பில்ட் கருவியில் ப்ராஜெக்ட்.பில்ட்.சோர்ஸ்என்கோடிங் என்ற ஒரு வரி.

#16 சுட்டி

சும்மா ஒரு குசும்புக்கு: ஜாவாவில மாறிக்கே தமிழ்ப் பெயர் வைக்கலாம்தானே. கம்பைலர் அதையும் நோர்மலைஸ் செய்யாது. கோட்டைக்கட்டணம் எண்டு ரெண்டு பேர் ரெண்டு விதமாத் தட்டினா ரெண்டு மாறி. பைதான் மட்டும் மாறிப் பெயரை என்எஃப்கேசி ஆக்கும், டிக்ஷ்னரிச் சாவியை ஆக்காது.

#17 காலிவீதி

எண்ணால கட்டின டெஸ்ட் இப்பதான் சிவப்பாச்சு. என்எஃப்சி வரியைத் திரும்பப் போட்டன், பச்சை. மேவன் வரியும் சேர்த்தாச்சு. தரவுக்காரி அக்கா, குரூப் பை ஓடவிட்டன், புறக்கோட்டைக்கு மூண்டு வரி வந்திருக்கு. ரெண்டு விளங்குது, மூண்டாவது ஏன்?

#18 தரவுக்காரி

குறியெண்ணை அச்சிடுங்கள். 3015-க்குப் பதில் 3014 இருந்தால் அது எழுத்துப்பிழை, புறக்கொட்டை. அதை என்எஃப்சி சேர்க்காது, சேர்க்கவும் கூடாது, ஆனால் அது குரூப் பையில் தனியாகத்தான் வந்திருக்கும். ஒரே குழுவுக்குள் மூன்று என்றால் மூன்றாவதில் ஓகாரம் பிரிந்ததோடு நோர்மலைஸ் தொடாத 160 அல்லது 8203 இருக்க முடியாது, ஏனென்றால் அதுவும் தனிக் குழுவாகியிருக்கும். அப்படியானால் மூன்றில் இரண்டு பைட்டுக்குப் பைட் ஒன்று, அந்தக் களத்துக்கு யுனிக்கே இல்லை என்று அர்த்தம். டேபிள் வரையறையைப் போடுங்கள், பார்ப்போம்.

#19 காலிவீதி

ஓம், யுனிக் இல்லை. சாதாரண இன்டெக்ஸ் மட்டும்தான் இருக்கு. இரட்டையை ஒண்டாக்கிப்போட்டு யுனிக் போடுறன்.